வேலி எதற்குக் காவல்?

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் வரும் ‘பெண்’ என்ற சொல் பிறப்பால் அமைந்த உடற்பாலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை தணிந்த குரலில் பேசப்பட்டுவந்த ஒரு வாதம் அதன்பின் நம் இலக்கியச் சூழலிலும் சற்றுத் தெம்பாகவே ஒலிக்கிறது. ‘அங்கேயே சொல்லிவிட்டார்கள், இனி நாமும் வெளிப்படையாகப் பேசலாம்’ என்பது அதன் தொனி. பெண்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் போராடிப் பெற்ற விடுதியும் இட ஒதுக்கீடும் பாலியல் வன்முறைக்கு எதிரான சட்டங்களும் ‘பெண்’ என்ற சொல் தெளிவாக இருக்கும்வரைதான் நிலைக்கும். திருநங்கையரையும் அச்சொல்லுக்குள் அனுமதித்தால் அச்சொல் பொருளிழந்து போகும், கூடவே அதைப் பற்றி நிற்கும் உரிமைகளும் போகும் என்பது அதன் சாரம்.

இப்படிப் பேசுகிறவர்களை மனுதர்மக் கட்சியில் தள்ளிவிட்டு நகர்வது எளிது. அது நேர்மையாகாது. இவர்களிற் பலர் சிமோன் தெ பொவ்வாரையும் பெரியாரையும் வாசித்தவர்கள். பெண்கள் மீதான வன்முறை குறித்து இவர்களுக்குள்ள சினம் உண்மையானது. ஆகவே வாதத்தை வாதமாகவே எதிர்கொள்ள வேண்டும். என் தரப்பு இதுதான்: பெண்ணைக் காப்பதும் ‘பெண்’ என்னும் எல்லைக்கோட்டைக் காப்பதும் ஒன்றல்ல. நம் வரலாற்றில் இரண்டாவது வேலையில் முனைந்த போதெல்லாம் முதல் வேலை கைவிடப்பட்டிருக்கிறது.

இதற்கு லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் நின்றுகொண்டே பேசலாம். புன்னக்காயல் என்றால் இலக்கிய வாசகர்களுக்கு அண்டிரிக் அடிகளாரும், 1586இல் அவ்வூரில் அச்சேறியதாகச் சொல்லப்படும் ‘அடியார் வரலாறு’ம் நினைவுக்கு வரும். அந்த அச்சுக்கூடத்துக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னர் இக்கரையின் வரலாற்றையே திருப்பிப்போட்ட நிகழ்ச்சி பரதவர்களின் மதமாற்றம். அதன் தொடக்கமாகச் சொல்லப்படும் மரபுச் செய்தி பல வடிவங்களில் வழங்குகிறது. தூத்துக்குடியில் பணியாரம் விற்கப்போன ஒரு பரதவப் பெண்ணைக் கடற்கரையின் இன்னொரு சமூகத்தவன் ஒருவன் இழிவுபடுத்துகிறான். கேட்கப்போன கணவனின் காது, அணிந்திருந்த காதணியோடு அறுபடுகிறது. இரு தரப்பும் மோதிக்கொள்கின்றன. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்கிறார்கள். 1530களின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெறுகிறார்கள்.

இச்செய்தியில் எது வரலாறு, எது புனைவு என்பது ஆய்வாளர்களின் கவலை. நம் கவலை அது நினைவில் வைத்திருப்பதும் மறந்துவிட்டதும். அறுந்த காது நினைவிருக்கிறது. காதணி நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. அவள் பிறகு பணியாரம் விற்கப்போனாளா என்பதும் இல்லை. அவளுக்கு நேர்ந்த இழிவு இரண்டாவது வாக்கியத்திலேயே ஆண்களின் மானமாக மாறிவிடுகிறது. மூன்றாவது வாக்கியத்தில் அது சமூகத்தின் எல்லைப் பிரச்சினை. பெண்ணுக்கு நேர்ந்த தீங்கை எல்லைக்கு நேர்ந்த தீங்காக மொழிபெயர்ப்பது நமக்கு அவ்வளவு பழகிய வித்தை. அந்த மொழிபெயர்ப்பை மறுப்பதற்குத்தான் பெண்ணியம் என்று ஒன்று தேவைப்பட்டது. இன்று பெண்ணியத்தின் பெயராலேயே அதே மொழிபெயர்ப்பு நடக்கும்போது எப்படி வாளாவிருப்பது?

அதே தூத்துக்குடியில், 2018 அக்டோபர் 31 அன்று, சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவுத்துறை அதைப் பதிய மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்று இருக்கிறது, இவர் மணமகள் அல்லர் என்பது துறையின் நிலை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்பது உறைந்துபோன சொல்லன்று, திருநங்கையையும் அது உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தார். ஆண், பெண் என்று உடனே வகுக்க இயலாத உடலமைப்புடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, ஏதேனும் ஒரு பாலில் அடைத்துவிடும் நோக்கில் அறுவை செய்வதைத் தடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. சில மாதங்களில் தமிழக அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. திருநர் தம் பால் அல்லாத துணையை மணப்பதற்கு நடப்புச் சட்டங்களிலேயே உரிமை உண்டு என்பதை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

கேட்க விரும்புவது எளிய கேள்வி. தூத்துக்குடியின் பதிவேட்டில் அந்த ஒரு பெயர் ஏறியதால் இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணின் எந்த உரிமை குறைந்தது? எந்த மணமகளின் தாலி தளர்ந்தது? ‘பொருளிழந்துபோகும்’ என்கிறார்கள். பொருள் விரிவதும் பொருள் அழிவதும் ஒன்றென்று சொல்பவர்கள் இலக்கிய இதழ் நடத்துவது வியப்புக்குரியது.

சொல்லைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இலக்கணத்தையும் பார்த்துவிடுவோம். ‘பால் அடையாளம் என்பதே மேற்கத்திய இறக்குமதி’ என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர், ஆண்பால் ஈற்றை ஏற்காது என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே விதித்துவிட்டது. நன்னூலின் பெயரியல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுபவர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுபவர் பெண்பால் என்கிறார் பவணந்தி முனிவர். ‘அவாவுதல்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பிறப்பையோ உறுப்பையோ அன்று, ஒருவரின் விழைவையே பாலுக்கு அளவுகோலாக வைக்கிறது பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஒரு தமிழ் இலக்கண நூல். தன் பாலைத் தானே அறிவிக்கும் உரிமை என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் இலக்கண வடிவம் இது. அந்நூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். ஆற்றின் ஓர் ஊரில் பாடமாக இருந்தது, அதே ஆற்றின் மற்றோர் ஊரில் அந்நியச் சரக்காகிவிட்டது.

ஆனால் நூற்பா அங்கே முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்விருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஓர் ஈற்றடி இருக்கிறது. முதல் இரண்டு அடிகளை மறந்துவிட்டு அந்த ஈற்றடியை மட்டும் எழுநூறு ஆண்டுகளாக மனப்பாடம் செய்துவந்திருக்கிறோம். பேருந்து நிலையத்தில் ‘அது வருது பார்’ என்று சொல்கிறவர் நன்னூல் படித்தவராக இருக்கவேண்டியதில்லை.

இனிப் பாலியல் வன்முறைக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அதன் பெரும்பிழையும் இங்கேதான் இருக்கிறது. இந்தியப் பெண்ணியம் ஓர் இயக்கமாக எழுந்தது எங்கிருந்து? 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து. உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடலும் தொடர்ந்த போராட்டங்களும் 1983இல் சட்டத்தைத் திருத்தவைத்தன. தமிழகத்தில் அதே வரிசையில் 1992இன் வாச்சாத்தி நிற்கிறது. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். தருமபுரி நீதிமன்றம் 2011இல் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேலியே பயிரை மேய்ந்த இடம் காவல் நிலையம், வனத்துறை அலுவலகம். சீருடைதான் அங்கே குற்றவாளி.

இப்போது இன்னொரு வழக்கு. ‘ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு’, 2007. திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட ஒரு அரவாணி காவல் நிலையத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அந்நிலைய வளாகத்திலேயே தீக்குளித்தார். மேற்சொன்ன 2014 தீர்ப்பும் இதை நினைவுகூர்கிறது. மதுராவின் நிலையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் என்ன வேறுபாடு? அங்கே யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. ‘இவள் ஒழுக்கம் கெட்டவள், இவளுக்கு இது புதிதல்ல’ என்ற வாதம்தான் மதுராவைத் தோற்கடித்தது. ‘இவர்கள் தொழிலே அதுதானே’ என்று திருநங்கையரைப் பற்றிச் சொல்லப்படுவதும் அதே வாதம்தான். முன்னதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய இயக்கத்தின் வாரிசுகள் பின்னதைக் கேட்டுத் தலையசைப்பது வாரிசுரிமைக்கு அழகன்று.

பிரிட்டனின் தீர்ப்பை இங்கே கொண்டுவருவோர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தில் வல்லுறவுக்கு ஆளாகிறவர் ‘இன்னொரு நபர்’. ஆணோ பெண்ணோ திருநரோ, குற்றம் ஒன்றே, தண்டனை ஒன்றே. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ யாரென்ற விவாதம் அங்கே வல்லுறவாளனின் தண்டனையைக் குறைக்காது. திருநருக்குப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு அதே சட்டத்தில் தொடர்கிறது என்றும் அத்தீர்ப்பு தெளிவாகவே சொன்னது. இங்கே கதை வேறு. நம் சட்டத்தில் வல்லுறவு என்பது ‘ஆண் பெண்ணுக்கு’ இழைப்பது. குறைந்தது பத்தாண்டுச் சிறை. திருநருக்கென்று 2019இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பழைய 377ஆம் பிரிவைக் கைவிட்டபோது, விருப்பத்துக்கு மாறான வன்முறைக்கு அதிலிருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானத்தையும் சேர்த்தே கைவிட்டது. ‘பாலினம்’ என்பதை விளக்கும் இடத்தில் திருநரைச் சேர்த்துக்கொள்ளும் அச்சட்டம் ‘பெண்’ என்பதை விளக்கும் இடத்தில் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே ‘திருநங்கை பெண்ணல்லள்’ என்று இங்கே சொல்வது தத்துவக் கூற்றாக மட்டும் நிற்காது. அதே குற்றத்துக்கு அதே குற்றவாளிக்குப் பத்தாண்டுக்குப் பதில் இரண்டாண்டு போதும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். பாலியல் சுரண்டலை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு சுரண்டுகிறவனுக்குத் தண்டனைத் தள்ளுபடி வாங்கித்தருகிற விந்தை இது. திருநங்கையரை ‘பெண்’ என்ற சொல்லுக்குள் சேர்க்க மனமில்லாதவர், குறைந்தபட்சம் வல்லுறவுச் சட்டத்தில் பாதிக்கப்படுவோருக்குப் பால் பார்க்கக்கூடாது என்றாவது கோரவேண்டும். அந்தக் கோரிக்கையை இவர்கள் முன்வைத்து நான் வாசித்ததில்லை.

மறுதரப்பின் மூன்று ஆட்சேபங்களுக்கு விடை சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

முதலாவது அச்சம். பெண்வேடமிட்ட ஆண் பெண்கள் புழங்கும் இடத்துக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது? அச்சம் கேலிக்குரியதன்று, பெண்கள் அதைக் கற்றுக்கொண்டது அனுபவத்திலிருந்துதான். ஆனால் பெண்கள் விடுதிக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் காவல் நிலையத்துக்குள்ளும் நுழைய வேட்டைக்காரனுக்குச் சேலை என்றைக்குத் தேவைப்பட்டிருக்கிறது? காப்பாளராக, ஆசிரியராக, அதிகாரியாக, மாமனாக அவன் தலைவாசல் வழியாகவே வந்திருக்கிறான். இதே கடற்கரையின் குலசேகரப்பட்டினத்தில் தசராவுக்கு நேர்ந்துகொண்ட ஆண்கள் காளியாகவும் குறத்தியாகவும் வேடம் புனைந்து வீடுவீடாகக் காணிக்கை கேட்டு வருகிறார்கள். நம் பெண்கள் அஞ்சுவதில்லை. காணிக்கை போட்டுத் திருநீறு வாங்கிக்கொள்கிறார்கள். வேடம் என்றால் கும்பிடுகிறோம், வாழ்க்கை என்றால் விரட்டுகிறோம். சேலை கட்டிய ஆண் நமக்கு அச்சமூட்டுவதில்லை. திருவிழா முடிந்த பிறகும் அதைக் களையமாட்டேன் என்கிறவர்தான் அச்சமூட்டுகிறார்.

இரண்டாவது, பெண்மை குறித்த ஆட்சேபம். பூவும் பொட்டும் வளையலும் பெண்மையன்று என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது திருநங்கையர் அதையே பெண்மையென்று கொண்டாடுகிறார்களே என்பது. சிந்திக்கத்தக்க விமர்சனம்தான். ஆனால் அதே பூவையும் பொட்டையும் அணிந்திருக்கும் நம் அம்மாக்களிடமும் அக்காக்களிடமும், ‘இவற்றைத் துறந்துவிட்டு வாருங்கள், பிறகு உங்களைப் பெண்ணென்று ஏற்கிறோம்’ என்று யாரும் நிபந்தனை விதிப்பதில்லையே? பிறந்த வீட்டிலிருந்தே துரத்தப்பட்ட ஒருவரிடம் மட்டும் நம்மினும் முற்போக்காக இருக்கச் சொல்லிக் கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவதே கனமானது. பெண்ணாகப் பிறந்து வளர்ந்த அனுபவம் வேறு என்பது. ஒப்புக்கொள்கிறேன். கருவிலேயே அழிக்கப்படுவது பெண்சிசு என்பதற்காகத்தான். மாதவிலக்கும் பேறுகாலமும் சார்ந்த உரிமைகளைப் பேச அவற்றுக்குரிய சொற்கள் வேண்டும். அவற்றை மழுங்கடிக்கச் சொல்கிறவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ‘பெண்’ என்பது என்றாவது ஒரே அனுபவத்தின் பெயராக இருந்திருக்கிறதா? அக்கிரகாரத்துக் கைம்பெண்ணின் அனுபவமும் புன்னக்காயலில் மீன்கூடை சுமப்பவளின் அனுபவமும் ஒன்றா? 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது தமிழ்ப் பெண்ணியம் கற்றுக்கொண்ட பாடமே, ‘எல்லாப் பெண்களும்’ என்று பேசியவர்கள் தம்மைப் போன்ற பெண்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். அன்று ‘தலித் பெண் என்று பிரித்துப் பேசினால் பெண்களின் ஒற்றுமை குலையும்’ என்று சொல்லப்பட்டது. ஒற்றுமை குலையவில்லை, பொய் ஒன்று குலைந்தது.

எல்லைக்காவலின் இன்னொரு விளைவு, அது கடைசியில் பெண்களையே வந்து அடிக்கும் என்பது. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டோமா? புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. உலகத்தின் முன் அவர் உடல் விவாதப் பொருளாக்கப்பட்டது. பிற்காலத்தில் செங்கற்சூளைக்குக் கூலி வேலைக்குப் போக நேர்ந்தது. யாரையோ வெளியே நிறுத்த வைத்த கதவு யார் மேல் அறைந்து சாத்தப்பட்டது என்று பாருங்கள். 2025 ஜூனில் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கணவர் வீட்டார் கொடுமை குறித்து ஒரு திருநங்கை அளித்த புகாரை எதிர்த்து, ‘இவரால் பிள்ளை பெற முடியாது, ஆகவே இவர் பெண்ணல்லர்’ என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த வாதம் வென்றிருந்தால் முதலில் அடிபட்டிருப்பவர் யார்? ‘மலடி’ என்ற வசையைக் கேட்டே வாழ்ந்த நம் சித்திகளும் பெரியம்மாக்களும்தான். கருப்பையை அளவுகோலாக்கி நீட்டும்போது அதன் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா?

கடைசியாக ஒரு பேருந்து. 2021 மே மாதம் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. விரைவிலேயே திருநங்கையருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எந்தப் பெண்ணும் அதனால் சீட்டு வாங்க நேரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குமரி மாவட்டத்தின் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்தப் பெண்மணிக்குரிய இடத்தைத் திருநங்கை யாரும் பறிக்கவில்லை. யாருடைய உடல் மரியாதைக்குரியது, யாருடையது முகம் சுளிக்கத்தக்கது என்று தீர்மானிக்கும் அதிகாரம் தன்னிடம் இருப்பதாக நம்பும் ஒரு மனம்தான் பறித்தது. பேருந்தில் திருநங்கை பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிற மனமும் அதுதான்.

எனவே, ‘பெண் யார்?’ என்று விவாதிப்பதற்கு இதழ்களின் பக்கங்களை ஒதுக்குவோர், அவற்றிற் பாதியை ‘பெண்ணுக்கு எதிராக இழைப்பவர் யார்?’ என்ற கேள்விக்கும் ஒதுக்கவேண்டும். வல்லுறவுச் சட்டத்தில் பாதிக்கப்படுவோருக்குப் பால்வேறுபாடற்ற பாதுகாப்பு, காவல் நிலையக் கொடுமைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் திருநங்கையர் தொடங்கிய பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் போன்ற வாழ்வாதாரங்கள் ஆகிய மூன்றையும் கோருவதால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு நூலிழை நட்டமில்லை; பாலியல் சுரண்டலுக்குத்தான் நட்டம்.

பணியாரம் விற்கப்போன அந்தப் பெண்ணின் பெயரைத் தொலைத்துவிட்டு அறுந்த காதைப் பாதுகாத்து வைத்திருக்கும் கரை இது. வேலியின் உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த முறையும் நாம் தொலைக்கப்போவது பெயர்களைத்தான்.